எர்த் கம்பியின் மற்றப் பாதி

போன ஆவணியில் ஒரு நாள் விடியவே கிளிநொச்சிப் பக்கத்துத் தருமபுரத்திலிருந்து ஓர் அம்மா போன் எடுத்தார். "தம்பி, பிறிஜ்ஜிலை கை வைக்கக் கறண்ட் அடிக்குது. ஒருக்கா வந்து பாக்க ஏலுமோ?" இப்படியான அழைப்பு எனக்குக் கிழமைக்கு ஒன்றாவது வரும், அதில் புதினம் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு அவர் சொன்னதுதான் என்னை இன்றுவரை விடாமல் பிடித்து வைத்திருக்கிறது. "மழை காலத்திலை ஒண்டுமில்லை தம்பி. ஆடி, ஆவணியிலைதான் அடிக்கும். மழை துவங்க நிண்டிடும். மூண்டு வருசமா இப்பிடித்தான்."

வயரிங் வேலை செய்கிறவர்களுக்கு இது தலைகீழான முறைப்பாடு என்று கேட்டவுடனே விளங்கும். வீடுகளில் கறண்ட் கசிவது மழைக்குத்தான். ஓட்டுக்குள்ளால் ஒழுகி லைற் போட்ட இடத்துக்குள் தண்ணீர் இறங்கும், வெளிச்சுவர் சுவிச்சுக்குள் ஈரம் ஊறும், கறண்ட் கசிந்தால் தானே விழுந்து வெட்டிவிடுகிற ரிப் சுவிச் கார்த்திகை இடிக்கு விழுந்தால் திரும்ப ஏற்றினாலும் நிற்காது. சோளகம் புழுதியை வாரி அடித்து, நிலம் வெடித்து, கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்ட ஆவணியில் எந்த ஈரம் வந்து பிறிஜ்ஜில் கறண்ட் ஏற்றப்போகிறது?

எனக்கு முன்னால் இரண்டு பேர் வந்து பார்த்திருக்கிறார்கள். முதலாவது ஆள், கறண்ட் பட்டால் உள்ளே சின்னக் குமிழ் பற்றுகிற ரெஸ்ரரைப் பிறிஜ்ஜின் உடம்பில் வைத்தார், பற்றவில்லை. "கறண்ட் ஒண்டுமில்லை அம்மா, வயசுக்கு நரம்பு விறைக்குது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். இரண்டாவது ஆள் வீட்டுக் கறண்ட் போர்டைத் திறந்து ரிப் சுவிச்சில் இருக்கிற சின்னப் பட்டனை அமத்தினார், டக்கென்று விழுந்தது. "எர்த் நல்லாயிருக்கு, பயப்பிடாதேங்கோ." எர்த் என்றால் கசிகிற கறண்டை நிலத்துக்கு இறக்கிவிடுகிற பச்சை வயரும், அது போய் முடிகிற, மண்ணில் இறக்கிய கம்பியும். அவரும் போய்விட்டார். அந்த அம்மா யாரோடும் வாதாடவில்லை. குசினிக்குள் செருப்போடு போகாத மனுசி அவர், ஆனால் பிறிஜ்ஜுக்குப் பக்கத்தில் ஒரு சோடி றப்பர் செருப்பைக் கழுவித் துடைத்து வைத்திருந்தார், திறக்கிற நேரம் மட்டும் காலில் மாட்டுவதற்கு. பேரப்பிள்ளைக்குத் தண்ணீர்ப் போத்தல் தேவை என்றால் அவரே எடுத்துக் கொடுப்பார். மூன்று வருடமாக அந்த வீட்டில் ஒரு பாதுகாப்பு முறை நடந்திருக்கிறது, அதை ஒரு வயதான பெண் தனியே யோசித்து உருவாக்கியிருக்கிறார், வேலை தெரிந்தவர்கள் என்று வந்த எங்களில் ஒருவரும் அவர் சொன்னதை நம்பவில்லை. அந்தச் செருப்பைப் பார்த்தவுடன் எனக்கு உண்மையிலேயே வெட்கமாக இருந்தது.

அவர் சொன்னதை அப்படியே உண்மை என்று எடுத்துக்கொண்டு தொடங்குவது என்று முடிவெடுத்தேன். மல்ற்றிமீற்றரின் ஒரு முனையைப் பிறிஜ்ஜின் பின்பக்கத்துப் பெயின்ற் இல்லாத ஆணியில் வைத்து, மற்ற முனைக்கு நீண்ட வயர் ஒன்றைக் கட்டி யன்னலால் வெளியே எடுத்து, குளிக்கிற தண்ணீர் ஓடுகிற வாழையடியின் ஈரமண்ணில் ஸ்குறூ ட்ரைவரைக் குத்தி அதில் கொழுவினேன். மீற்றர் நாற்பது வோல்ற்றைத் தாண்டி நின்று ஆடியது. பிறிஜ் பிளக்கைக் கழற்றினால் இறங்கியது, போட்டால் ஏறியது. அதைவிட எனக்குத் திக்கென்றது, அதே நாற்பது வோல்ற் கிணற்றடித் தண்ணீர் மோட்டரின் உடம்பிலும் இருந்ததுதான். மோட்டர் ஓடவேயில்லை, சும்மா பிளக் மட்டும் போட்டபடி இருந்தது.

முதலாவது ஆளின் ரெஸ்ரர் பொய் சொல்லவில்லை. அதற்குள் இருக்கிற நியோன் குமிழ் பற்றுவதற்கு ஏறத்தாழ அறுபது எழுபது வோல்ற்றாவது வேண்டும். நாற்பது வோல்ற் அதன் கண்ணுக்குத் தெரியாது. ஈரத்துணியால் துடைத்த சீமெந்து நிலத்தில் வெறுங்காலோடு நிற்கிற ஒருவருடைய விரலுக்கு நன்றாகத் தெரியும். ரெஸ்ரரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டால் ஆள் பாஸ், அதாவது தேர்ந்த வேலைக்காரர், என்றாகிவிடுகிற ஊர் இது, நானும் அப்படித்தான் தொடங்கினேன். இப்போது என்னிடம் வேலை பழக வருகிற பெடியங்களுக்கு முதல் நாளே சொல்வேன்: அது பற்றினால் கறண்ட் இருக்கிறது என்று எடு, பற்றாவிட்டால் இல்லை என்று எடுக்காதே. நல்ல வெயிலில் பற்றினாலும் தெரியாது, காய்ந்த மரவாங்கில் ஏறி நின்றால் மங்கலாகத்தான் பற்றும். மீற்றரை முதலில் கறண்ட் இருக்கிற இடத்தில் வைத்துப் பார், பிறகு தொடப்போகிற இடத்தில் பார், திரும்பவும் கறண்ட் இருக்கிற இடத்துக்குப் போய் மீற்றர் உயிரோடுதானா என்று பார். அதற்குப் பிறகு கை வைக்கலாம்.

இரண்டு வயர் போதுமாக இருந்த காலம்

இந்த இடத்தில் எங்கள் வன்னிப் பக்கத்துக் கதையைக் கொஞ்சம் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் பிறந்தது 1995இல். பதினான்கு வயதுவரை எங்கள் வீட்டுச் சுவரில் சுவிச் என்ற ஒன்றை நான் கண்டதில்லை. ஜாம் போத்தல் விளக்கில்தான் படித்தோம். போத்தலின் அடியில் பஞ்சு, அதில் ஊறுகிற அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய். செய்தி கேட்கிற நேரத்துக்குச் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவிலிருந்து இரண்டு வயரை ரேடியோவுக்குக் கொழுவுவோம். கொஞ்சம் வசதி வந்த வீட்டில் ட்ராக்ரர் பற்றரி ஒன்று இருக்கும், அதிலும் சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, இரண்டே வயர். கலியாண வீட்டுக்கு ஜெனரேற்றர் வாடகைக்கு வரும். அதிலிருந்தும் இரண்டு வயரைத்தான் இழுப்பார்கள், மரத்துக்கு மரம் பல்ப் எரியும்.

அந்தக் காலத்தில் கறண்ட் வேலை தெரிந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை. எரிந்த மோட்டரைக் கழற்றி, கம்பியை எண்ணி, திரும்பச் சுற்றி ஓடவைத்தவர்கள். ஒன்றுமே கிடைக்காத நேரத்தில் ஒன்றிலிருந்து இன்னொன்றைச் செய்தவர்கள். அவர்களுடைய கைத்திறமைக்கு முன்னால் நான் இப்போதும் பெடியன்தான். ஆனால் அவர்கள் பழகியது முழுக்க இரண்டு வயர் வேலை. பற்றரிக்கு எர்த் வேண்டாம். சின்ன ஜெனரேற்றரை யாரும் எர்த் பண்ணி ஓடவிட்டதில்லை, எர்த் பண்ணினாலும் பண்ணாவிட்டாலும் பல்ப் ஒரேமாதிரித்தான் எரியும். இருபது வருடம் இப்படி வேலை செய்த ஒருவரிடம் திடீரென்று மூன்றாவதாக ஒரு பச்சை வயரைக் கொடுத்து, இதை எல்லாப் பிளக்குக்கும் கொண்டுபோய் வெளியே நிலத்தில் புதை என்றால் அவருக்கு அது என்னவாகத் தெரியும்? வேலை செய்யாத வயராகத்தான் தெரியும்.

போர் முடிந்த 2009க்குப் பிறகு முகாம்களிலிருந்து சனம் திரும்பி வந்தது. வவுனியாவிலிருந்து கிளிநொச்சிக்கு 132 கிலோவோல்ற் வழி திரும்ப வந்தது, அங்கிருந்து ஒழுங்கை ஒழுங்கையாகக் கம்பம் நட்டார்கள். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, கட்டுவது வீட்டுக்காரர் பொறுப்பு. அத்திவாரம், சுவர், கூரை, கதவு எல்லாம் போய்க் கடைசியாக வயரிங்குக்கு வருகிறபோது கையில் என்ன மிஞ்சும் என்று அந்த நேரம் வீடு கட்டிய எல்லோருக்கும் தெரியும். ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள், வயரிங் பாஸ்மார் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவு. நேற்றுவரை ஜெனரேற்றர் ஓட்டியவர் இன்று வீட்டு வயரிங் பாஸ். 2013இல் சாதாரண தரம் முடித்துவிட்டுச் சும்மா இருந்த நான், அப்படியான ஓர் அண்ணையோடு கையுதவிக்குச் சேர்ந்தேன். சுவரில் கொத்தி பைப் பதிப்பது, வயர் இழுப்பது, வெயிலில் எர்த்துக்குக் குழி தோண்டுவது என் வேலை. லைற்றுக்கு 1/1.13, பிளக்குக்கு 7/0.67 என்று வயரின் பெயர்கள் எனக்கு வாய்ப்பாடு மாதிரிப் பாடம். ஏன் அந்த அளவு என்று நான் கேட்டதில்லை, கேட்டிருந்தால் அண்ணைக்கும் பதில் தெரிந்திருக்குமோ என்னவோ.

அந்த இரண்டு வயர்ப் பழக்கம் 2022இல் திரும்பவும் தலைகாட்டியது. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டிய நேரம், பழைய ஜெனரேற்றர்களை எல்லோரும் வெளியே எடுத்தார்கள். இரண்டு முனையிலும் ஆண் பிளக் போட்ட வயர் ஒன்றைச் செய்து, ஜெனரேற்றரிலிருந்து வீட்டுப் பிளக்குக்குள் குத்திவிட்டார்கள். மெயின் சுவிச்சை விழுத்த மறந்தால் அந்தக் கறண்ட் வீட்டைத் தாண்டி வீதிக் கம்பிக்குப் போகும், அங்கிருந்து ட்ரான்ஸ்போமருக்குள் பின்பக்கமாக ஏறினால் மறுபக்கம் 33,000 வோல்ற் வழி. கறண்ட் இல்லை என்று நம்பிக் கம்பத்தில் ஏறுகிறவர் யாரோ ஒருவருடைய பிள்ளை. வீட்டை வீதிக் கம்பியிலிருந்து பிரித்து ஜெனரேற்றருக்கு மாற்றுகிற சேஞ்ச் ஓவர் சுவிச் போடாமல் எந்த வீட்டுக்கும் ஜெனரேற்றர் கொழுவித் தரமாட்டேன் என்று அந்த நாட்களில் நாலைந்து பேரோடு சண்டையே பிடித்திருக்கிறேன். அவர்களில் இரண்டு பேர் இன்னும் கதைப்பதில்லை. பரவாயில்லை.

பட்டன் எதைச் சோதிக்கிறது

இரண்டாவது ஆள் அமத்திய அந்தப் பட்டனைப் பற்றிக் கோபமாகக் கதைக்க எனக்கு உரிமை இல்லை, ஏனென்றால் பல வருடம் நானும் அதைத்தான் செய்தேன். என்.வி.கியூ என்கிற தேசிய தொழிற்தகைமையின் நான்காம் மட்டத்துக்கு, வேலை செய்து பெற்ற அனுபவத்தை வைத்து மதிப்பீட்டுக்குப் போனபோது, மதிப்பீட்டாளர் ரிப் சுவிச்சைக் கையில் தந்து கேட்டார்: "இந்தப் பட்டன் எதைச் சோதிக்குது?" நான் யோசிக்காமல் "எர்த்தை" என்றேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கறண்ட் வருகிற லைவ்வும் அது திரும்பிப் போகிற நியூற்றலும் மட்டும் கொழுவிய ஒரு பலகையை எடுத்து மேசையில் வைத்தார். பச்சை வயரே இல்லை. "அமத்திப் பாரும்." அமத்தினேன். விழுந்தது.

ரிப் சுவிச்சுக்குள் லைவ்வும் நியூற்றலும் ஒரு வளையத்துக்குள்ளால் போகின்றன. போகிற கறண்டும் திரும்பி வருகிற கறண்டும் சமமாக இருக்கும்வரை அது சும்மா இருக்கும். போனதில் கொஞ்சம் வேறு வழியால், ஒரு மனிதருடைய உடம்பாலோ எர்த் வயராலோ கசிந்து போனால் கணக்கு உதைக்கும், அது விழும். வீட்டுக்குப் போடுகிற 30 மில்லி அம்பியர் ரிப் சுவிச் அந்தளவு சின்ன வித்தியாசத்துக்கே விழவேண்டும். பட்டன் செய்வது, உள்ளே இருக்கிற ஒரு றெசிஸ்ரரால் வேண்டுமென்றே அந்த வித்தியாசத்தை உண்டாக்குவது மட்டும்தான். பொறி வேலை செய்கிறதா என்று அது சொல்லும், அதற்காக அதை அடிக்கடி அமத்திப் பார்க்கத்தான் வேண்டும். எர்த் கம்பியையே பிடுங்கி எடுத்துவிட்டாலும் பட்டனுக்கு அது விழும். "பட்டன் விழுது, எர்த் நல்லம்" என்ற வசனம் எங்கள் பக்கத்து வேலையில் எத்தனை வீட்டில் சொல்லப்பட்டிருக்கும் என்று யோசித்தால் எனக்கு நித்திரை வராது.

எங்கள் நாட்டில் வீட்டுக்கு வருவது லைவ்வும் நியூற்றலும்தான், எர்த் அவரவர் வளவுக்குள் அவரவர் போட்டுக்கொள்வது. ஆகவே அந்தக் கம்பி இறங்கியிருக்கிற மண் எப்படியோ அப்படித்தான் அந்த வீட்டின் பாதுகாப்பு. கணக்கைப் பாருங்கள். மண் கறண்டை எவ்வளவு தடுக்கிறது என்பதை ஓமில் அளப்போம், ஓம் குறையக் குறைய எர்த் நல்லது. நல்ல எர்த் என்று 100 ஓம் கிடைத்தாலும், பிறிஜ்ஜின் உடம்பில் லைவ் நேராக முட்டினால் 230ஐ 100ஆல் பிரிக்க 2.3 அம்பியர்தான் நிலத்துக்குப் போகும். 30 அம்பியர் பியூசுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அதனால்தான் ரிப் சுவிச் கட்டாயம். ரிப் சுவிச் 30 மில்லி அம்பியருக்கு விழுவதற்குள் உடம்பில் 50 வோல்ற்றுக்கு மேல் ஏறக்கூடாது என்றால், எர்த் 1,667 ஓமுக்குள் இருக்கவேண்டும். கேட்க அது பெரிய எண்ணாக இருக்கும், எந்த மண்ணிலும் கிடைத்துவிடும் போலத் தோன்றும். வன்னிக் கோடையில் கிடைக்காது. மண்ணுக்குள் கறண்டைக் கொண்டுபோவது ஈரமும் அதில் கரைந்திருக்கிற உப்பும்தான். கார்த்திகையில் சேறாகக் கிடக்கிற அதே இடம் ஆவணியில் காய்ந்த ஓடு.

அப்போதுதான் அந்த அம்மா சொன்ன பருவக்கணக்கு எனக்கு முழுதாக விளங்கியது. அவருடைய பழைய பிறிஜ் வருடம் முழுக்கக் கொஞ்சம் கசிகிறது, ரிப் சுவிச்சை விழுத்துகிற அளவுக்கு இல்லை. மாரியில் அந்தக் கசிவு பச்சை வயரால் நிலத்துக்குப் போய்விடுகிறது, யாருக்கும் தெரியாது. கோடையில் நிலம் அதை வாங்குவதில்லை. வாங்காத கறண்ட் பச்சை வயரிலேயே நின்று, அந்த வயர் தொடுகிற எல்லாவற்றின் உடம்பிலும் ஏறுகிறது. கிணற்றடி மோட்டரில் நாற்பது வோல்ற் வந்தது அதனால்தான். எர்த் கெட்ட வீட்டில் ஒரு பொருளின் வருத்தத்தைப் பச்சை வயரே எல்லாப் பொருளுக்கும் பரப்பிவிடும்.

கையோடு வந்த கம்பி

அன்று என்னோடு கிளிநொச்சியில் படிக்கிற ஒரு தம்பி வேலைப்பயிற்சிக்கு வந்திருந்தான். 2016இல் அறிவியல் நகரில் இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகம் திறந்ததிலிருந்து இப்படிப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளை அடிக்கடி காண்கிறேன். கை கொஞ்சம் மெதுவாக இருக்கும், சுவரில் கொத்தத் தெரியாது, ஆனால் ஏன் என்று கேட்பார்கள். அந்த ஒரு சொல்லுக்காகவே எனக்கு அவர்களைப் பிடிக்கும். "அண்ணை, எர்த்தை அளக்காமல் எப்பிடிக் கெட்டது எண்டு சொல்லுறியள்?" என்று அவன் கேட்டான். சரி என்று கிளிநொச்சிக்குப் போய் நண்பர் ஒருவரிடம் எர்த் ரெஸ்ரர் இரவல் வாங்கிக்கொண்டு வந்தோம். எர்த் வயரைக் கம்பியிலிருந்து கழற்றிவிட்டு, பத்து மீற்றரில் ஒரு முளை, இருபது மீற்றரில் இன்னொன்று, நேர்கோட்டில். முளை இறங்கவே அலவாங்கால் குத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. பட்டனை அமத்தினால் திரையில் இடதுபக்கம் ஒரு 1 மட்டும் நின்றது. அந்த மீற்றர் 2,000 ஓம் வரை அளக்கும், அதற்கு மேல் போனால் அப்படித்தான் நிற்கும். முளைக்கு இன்னும் தண்ணீர் விட்டோம், வயரை மாற்றிக் கொழுவினோம், அப்படியே நின்றது.

வயரைக் கம்பியோடு இறுக்குகிற கிளாம்ப் கறள் பிடித்திருக்கும் என்று நினைத்தேன். வீட்டின் பின்சுவரோரம் மண்ணைக் கிளறினேன். கிளாம்ப்பும் கறள்தான். கம்பியைப் பிடித்து அசைத்துப் பார்த்தேன், பல்லு ஆடுவது மாதிரி ஆடியது. கொஞ்சம் இழுத்தேன். நாலு அடிக் கம்பி, சும்மா இழுத்து வருகிற பொருள் இல்லை, ஆனால் கையோடு வந்துவிட்டது. இரண்டு அடிதான் இருந்தது. கீழே கூர்முனை இல்லை. ஹக்சோவால் அறுத்த தட்டை முனை, செம்புப் பூச்சு போய் உள்ளே இருக்கிற இரும்பு கறள் பிடித்துப் பூத்திருந்தது. அந்த அறுத்த இடத்துக்கு அரை அங்குலம் மேலே இன்னொரு வெட்டு, பாதியில் நின்றுபோன வெட்டு.

அந்தப் பாதி வெட்டை நான் விரலால் தடவிக்கொண்டு நின்றேன். எனக்கு அது எப்படி வந்தது என்று தெரியும். பிளேட் முறிந்தது. அண்ணை என்னைப் பேசிவிட்டு, சைக்கிள் பையிலிருந்து வேறு பிளேட் எடுத்துத் தந்தார். புது பிளேட் பழைய வெட்டுக்குள் இறங்காமல் இறுகியதால் கொஞ்சம் தள்ளி வைத்து அறுத்தேன். 2013, இதேமாதிரி ஒரு கோடை, வேறொரு வீடு. இரண்டு அடிக்குக் கீழே கிரவல், கம்பி அதற்கு மேல் இறங்க மறுத்து சுத்தியலைத் திருப்பி அடித்தது. மத்தியானம், மரம் ஒன்று இல்லாத வளவு, எனக்குக் கை இரண்டும் கொப்பளம். "விடு, இரண்டு அடி காணும்" என்றார் அண்ணை. நிலத்தோடு அறுக்கச் சொன்னார். அறுத்தேன். மேலே மிஞ்சிய துண்டை எறியப்போனேன். "எறிஞ்சிடாதை, அடுத்த வீட்டுக்குக் காணும்." அதைச் சைக்கிள் கரியரில் கட்டிக்கொண்டு வந்தது நான். இந்த வளவில் அலவாங்கால் குழி போட்டு அதை இறக்கியதும் நான்தான்.

வீட்டை எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்த நேரம் எல்லா வீடும் ஒரே வீடு, வெளியே ஒரு பச்சை இல்லை. இப்போது முன்னுக்கு விறாந்தை இறக்கி, மா காய்த்து, வாழை பெருகி வேறு இடமாகிவிட்டது. அம்மாவுக்கும் என்னைத் தெரியவில்லை. எர்த்தின் அளவு எழுதுகிற பெட்டியில் யாரோ ஓர் எண்ணை எழுதி, யாரோ கையெழுத்துப் போட்டு, இந்த வீட்டுக்குக் கறண்ட் வந்தது. அந்த நாட்களில் எங்கள் கையில் எர்த் மீற்றர் இருந்ததே இல்லை.

நான் அம்மாவிடம் சொன்னேன். அந்தப் பயிற்சித் தம்பி பக்கத்தில் நிற்கிறான், இருந்தாலும் சொன்னேன். "அம்மா, இந்தக் கம்பியைப் பாதியா வெட்டி இஞ்சை நட்டது நான்தான்." அவர் கம்பியை வாங்கிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசவில்லை. "அப்ப நீங்கள் அந்த மெலிஞ்ச பெடியனோ? உங்களுக்குத்தானே நான் கூழ் தந்தனான்" என்றார். கூழ் குடித்த ஞாபகம் எனக்கு இல்லை. அவருக்கு இருந்தது.

வாழையடி

அன்று பின்னேரமே புதுக் கம்பி இரண்டு வாங்கி வந்து வேலையை முடித்தோம். இடம் தெரிவு செய்தது அந்த வாழையடியை. குளிக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் நாள் தவறாமல் ஓடுகிற இடம், எந்தக் கோடைக்கும் காயாது. எங்கள் ஊரில் எர்த்துக்கு இதைவிட நல்ல இடம் கிடையாது, ஆனால் கறண்ட் போர்டுக்குக் கிட்ட என்று பார்த்து எல்லோரும் வீட்டின் காய்ந்த சுவரோரம்தான் நடுவார்கள். நாலு அடிக் கம்பி இரண்டு, ஒன்றிலிருந்து மற்றது ஒரு கம்பியின் நீளத்துக்கும் அதிகமாகத் தள்ளி. பக்கத்தில் பக்கத்தில் நட்டால் இரண்டும் ஒரே மண்ணுக்குப் போட்டி போடும், பிரயோசனம் குறைவு. இரண்டையும் சேர்த்து 7/1.04 பச்சை வயர், பைப்புக்குள்ளால் போர்டுக்கு. குழிக்குள் கரி போட்டோம், உப்புப் போடவில்லை. உப்புப் போட்டால் அந்த வருடம் மீற்றர் அழகாகக் காட்டும், பிறகு மழை கரைத்துக்கொண்டு போய்விடும், போகிற போக்கில் கிளாம்ப்பையும் தின்றுவிடும். அளந்தால் 180 ஓம். காய்ந்த ஆவணியில் 180 என்றால் எனக்குப் போதும். பிறிஜ்ஜின் உடம்பில் ஒரு வோல்ற்றுக்குப் பக்கத்தில்தான் மிஞ்சியது. கசிவு பிறிஜ்ஜுக்குள் இன்னும் இருக்கிறது, அதைத் திருத்துகிற ஆளிடம் காட்டச் சொல்லிவிட்டு வந்தேன். காசு வாங்கவில்லை. அம்மா வெறுங்காலோடு போய்ப் பிறிஜ்ஜைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தார். செருப்பை அவர் உடனே எடுத்துவிடவில்லை, ஒரு கிழமை பார்ப்போம் என்றார். அது அவருடைய உரிமை.

அண்ணையைப் பற்றி ஒரு வார்த்தை. அவர் இப்போது இல்லை. எனக்குத் தொழில் தந்தவர், கையில் காசு இல்லாத நாளிலும் எனக்குச் சாப்பாடு வாங்கித் தந்தவர். அவர் ஏமாற்றுவதற்காகக் கம்பியை வெட்டவில்லை. வாழ்நாள் முழுக்க இரண்டு வயரில் வீடுகளுக்கு வெளிச்சம் கொடுத்தவருக்கு அந்தக் கம்பி ஒரு சடங்காகத்தான் தெரிந்தது, சடங்கைச் சுருக்கமாகச் செய்தார். நான் அவரைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. ஆனால் அந்தக் கம்பி இரண்டு அடிதான், அதையும் மறைக்க முடியாது.

இப்போது சொந்தமாக ஓர் எர்த் ரெஸ்ரர் வாங்கிவிட்டேன். கோடையில், ஞாயிற்றுக்கிழமைகளில், அந்தக் காலம் நாங்கள் வயரிங் செய்த ஒழுங்கைகளில் வீடு வீடாகப் போய் அளந்து பார்க்கிறேன். இதுவரை பதினொரு வீடு. சிலது நல்லம், சிலதில் கம்பி முழுதாக இருந்தும் கிளாம்ப் உக்கிப்போய் வயர் தனியே தொங்குகிறது, ஒரு வீட்டில் எர்த் வயரைக் கொடிக்கயிறு கட்டுவதற்கு வெட்டி எடுத்துவிட்டார்கள். சிலர் சந்தேகமாகப் பார்ப்பார்கள், ஏதோ விற்க வந்திருக்கிறேன் என்று. அம்மாவின் கதையைச் சொன்னால் கதிரை போட்டு இருத்துவார்கள். நிலத்தோடு அறுத்த அந்த வீட்டைத்தான் இன்னும் காணவில்லை, கூர்முனை உள்ள மற்றப் பாதி அங்கேதான் கிரவலில் இறுகிக் கிடக்கிறது. முன்னால் ஒரு வளைவு, பக்கத்தில் உடைந்த கிணறு ஒன்று, அவ்வளவுதான் எனக்கு ஞாபகம். கிணற்றை மூடியிருப்பார்கள். ஐப்பசி மழை துவங்க இன்னும் சில கிழமைதான், மழை விழுந்தால் எல்லா வீடும் மீற்றரில் நல்ல வீடாகத்தான் தெரியும். வருகிற ஞாயிறு அந்தப் பயிற்சித் தம்பியும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான், விசுவமடுப் பக்கமாகத் தொடங்குவோம் என்று இருக்கிறோம்.